எட்டாம் நம்பர் பிளக்

அத்தியாயம் ஆறு

"அவன் கை ரெண்டும் இனிமே ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. நியாயம் தர்மம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

காலை ஒன்பதரைக்கு எங்கள் துப்பறியும் ஆபீஸின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பிளக் அக்கா இதைச் சொன்னாள். நல்ல நாற்காலி என்றால் நாலு காலும் தரையைத் தொடுகிற நாற்காலி. மற்ற இரண்டில் ஒன்றில் மேடம் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் ஆடிக்கொண்டே நான்.

ஸ்பார்க் பிளக் கடை வைத்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய ஒரே தம்பி கார் பந்தயம் ஓட்டுகிறவன். இருபது நாளைக்கு முன்னால், மூன்றாவது சுற்றில், நேர்ப் பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவனுடைய டர்போ வண்டியின் எஞ்சின் வெடித்தது. தீப்பிடித்து, சுவரில் மோதி, அங்கேயே முடிந்துபோனான். இருபத்தாறு வயது.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பந்தய கிளப், நாலு பிளக்கும் டர்போவுக்கு ஆகாத ரகம் என்று எழுதி வைத்துவிட்டது. எஞ்சினை டியூன் பண்ணியவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் மெக்கானிக். தான் பிளக்கே வாங்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் சரியான ரகத்தை எழுதிக் கொடுத்ததோடு சரி, பையன்தான் போய் வாங்கினான் என்கிறார் அவர். அந்தச் சீட்டைக் காணோம். இன்று மாலை நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. சீட்டு இல்லையென்றால் மாஸ்டர் ஆயுளுக்கும் பந்தய எஞ்சினைத் தொட முடியாது. அதற்கு மேல் போலீஸும் உண்டு.

"சீட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வேணும்னா தேடுங்க. கிடைக்கலன்னா, தேடினோம் கிடைக்கலன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உங்க கையெழுத்துன்னா கமிட்டி நம்பும்."

"மாஸ்டர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் மேடம்.

"புருஷனா இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

"அப்போ கோபம் பழைய ஸ்டாக்தான்," என்றேன்.

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றார் மேடம். என் அம்மா எனக்கு வைத்த பெயர் வேறு.

பிளக் அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவன் என் தம்பியைக் கொன்னான். அவனுக்குச் சாவு வேணாம். உயிரோட இருக்கணும். எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். அதை நான் பார்க்கணும்," என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவள் படியிறங்கிப் போனதும் மேடம் பேனாவை மூடினார். அவர் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய கதவைப் பார்த்தே ஓட்டினவன் எத்தனை பொய் சொல்வான் என்று கணக்குப் போடுகிறவர்.

"ரேடியோ, நீ ஒரு பொருளைத் தேடித் தரச் சொன்னா என்ன சொல்வே?"

"சீக்கிரம் கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு சொல்வேன்."

"இந்தம்மா அதை மட்டும் சொல்லல. கிடைக்கலன்னா என்ன பண்ணணும்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. கிளம்பு."

*

பந்தய கிளப்பின் ஸ்டோர் ரூமில் பழைய டயர்களும் உடைந்த கோப்பைகளும் இடத்தைச் சரிசமமாகப் பங்கு போட்டிருந்தன. நடுவே, தகர ஷீட்டுக்கு அடியில் கருகிய எஞ்சின். செயலாளர் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்று முதல் நாலு வரை எண் எழுதிய காகிதத்தில் சுற்றிய பிளக்குகள்.

மேடம் மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்தார். முனை உருகி வழிந்திருந்தது. வெள்ளைப் பீங்கான் மேல் பொடிப் பொடியாக வெள்ளி நிறத் துளிகள்.

"அலுமினியம். பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு. பிளக் இந்த எஞ்சின்ல இருந்ததுதான், யாரும் மாத்தி வைக்கல," என்றார்.

"நாங்க என்ன சொல்றோம்? சூடான ரக பிளக். அதான் காரணம்," என்றார் செயலாளர்.

"பிளக்னாலே சூடுதானே சார்? இதுல ஐஸ் வெச்ச ரகம் வேற இருக்கா?" என்று கேட்டேன்.

மேடம் எனக்குப் பாடம் எடுப்பது அபூர்வம். அன்று எடுத்தார். "பிளக் தன் முனையில இருக்கிற சூட்டை வெளியே தள்ளணும். மெதுவாத் தள்ளினா சூடான ரகம். வேகமாத் தள்ளினா குளிர்ந்த ரகம். சாதா வண்டிக்குச் சூடான ரகம் நல்லதுதான், கரி பிடிக்காது. ஆனா டர்போ காத்தை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கும். உள்ளே எரியற நெருப்பும் அந்த அளவுக்குப் பெருசு. அங்கே சூடான ரகத்தைப் போட்டா முனை கங்கு மாதிரி சிவந்தபடியே நிக்கும். பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். பிஸ்டன் மேலே ஏறிட்டு இருக்கும், நெருப்பு அதைக் கீழே அடிக்கும். கொஞ்ச நேரம்தான். பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும்."

நான் அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன்.

மேடம் பையிலிருந்து மெல்லிய இரும்புத் தகடுகள் கோத்த அளவுகோலை எடுத்து, மற்ற மூன்று பிளக்குகளின் முனை இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே தகடு சிக்கென்று உட்கார்ந்தது.

"அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். புள்ளி ஆறு. பெட்டியிலேர்ந்து வரும்போது இவ்வளவு நெருக்கமா இருக்காது. யாரோ உட்கார்ந்து பொறுமையா நெருக்கியிருக்காங்க. டர்போவுல இடைவெளி அதிகமானா அமுங்கின காத்து பொறியை ஊதி அணைச்சுடும். அது தெரிஞ்ச ஆள் சொல்லி நடந்த வேலை இது."

"அப்போ இடைவெளி சொன்னவன் டர்போ தெரிஞ்சவன். ரகம் எடுத்தவன் தெரியாதவன்," என்றேன்.

"ஒரே பிளக்குக்குள்ள ரெண்டு பேரும் எப்படிடா குடியிருப்பாங்க?"

"கல்யாணம் பண்ணியிருந்தா இருக்கலாம் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. பிளக்கின் கழுத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பிடிக்கிற அறுகோண இரும்பின் ஒரு பக்கத்தில், கடுகளவு, அரக்கு நிறத்தில் ஒரு புள்ளி. எஞ்சினின் குழிக்குள் இருந்ததால் தீ அதை முழுசாகத் தின்னவில்லை. நாலிலும் அதே இடத்தில் அதே புள்ளி. அதற்குப் பக்கத்தில் கம்பெனி முத்திரை. கீழே எட்டு என்ற எண்.

"இதையெல்லாம் மாஸ்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"எதுக்குக் காட்டணும்? பொருத்தமில்லாத ரகம்னு படிச்சுக் காட்டினோம். அவர் என்னமோ கத்தினார். வெளியே அனுப்பிட்டோம்," என்றார் செயலாளர்.

இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் சாவிக் கொத்து கிடைக்கிறது.

*

மாஸ்டரின் ஒர்க்‌ஷாப் கதவில் கிளப்பின் சீல் தொங்கியது. பின்னாலேயே வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. அவர் கதவைத் திறந்த வேகத்தில் எங்கள் இருவரில் ஒருவருக்கு அடி நிச்சயம் என்று நினைத்து மேடத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அவ அனுப்பிச்ச ஆளுங்கதானே? வாங்க. வந்து எவ்வளவு அழிஞ்சிருக்கேன்னு பார்த்துட்டுப் போய்ச் சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை. நாங்களே உட்கார்ந்தோம். அலமாரி முழுக்க ஒரே மாதிரிச் சின்ன நீலப் பெட்டிகள். ஒன்றில் பொத்தான், ஒன்றில் ஆணி, ஒன்றில் தலைவலி மாத்திரை. எல்லாம் பிளக் வந்த பெட்டிகள்.

"சர்க்கரை எந்தப் பெட்டியில சார்?" என்று கேட்டேன்.

"இது எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க போடற கம்பெனி. வேற பிளக்கை என் கை தொட்டதில்ல. அவ வேற கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்தா. என் கடைப் பிளக்கை உன் எஞ்சின்ல போடுன்னா. மாட்டேன்னேன். ஒரு வருஷம் அதுலயே ஓடுச்சு. கடைசியில கட்டில் மட்டும்தான் பொதுவா இருந்துச்சு. அதையும் அவ எடுத்துட்டுப் போயிட்டா."

பிளக்கால் பிரிந்த குடும்பத்தை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை.

"சீட்டுல என்ன எழுதினீங்க?" என்றார் மேடம்.

"எட்டு. இடைவெளி புள்ளி ஆறு. வேற என்ன எழுதறது? எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன். பந்தயத்துக்குப் போடற பிளக்கைத் தன் கையாலயே மாட்டினாத்தான் பையனுக்கு ராசி. நானே வாங்கிட்டு வர்றேன் அத்தான், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்குன்னான். அவ்வளவு சந்தோஷமா இருந்தான். அக்காவும் நானும் பிரிஞ்சாலும் அவன் என்னை விடல மேடம். ஞாயித்துக்கிழமையானா வந்து கதவைத் தட்டிடுவான்."

குரல் உடைந்தது. ஆனால் அடுத்த வார்த்தைக்குள் திரும்பவும் இறுகிவிட்டது. "எவனோ என் எட்டைக் கழட்டிட்டு வேற எதையோ மாட்டியிருக்கான். அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. கமிட்டி வேணாம், போலீஸ் வேணாம். அந்தச் சூட்டை அவன் உடம்புல காட்டறேன்."

மேடம் எழுந்து, மேஜை மேல் கிடந்த ஒரு பிரிக்காத நீலப் பெட்டியைக் காட்டி, "இதை எடுத்துக்கலாமா?" என்றார். மாஸ்டர் கையை அசைத்தார்.

தெருவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், மனுஷன் தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார்! எஞ்சின்ல இருந்ததும் எட்டு. அவர் எழுதினதும் எட்டு. எவனும் எதையும் மாத்தல. தப்பான பிளக்கை எழுதிக் கொடுத்ததே அவர்தான்."

"அப்படித்தான் தெரியுது," என்றார் மேடம். பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் சுற்றியிருந்த மெல்லிய தாளை நடந்துகொண்டே படித்தார். படித்து முடித்ததும் நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். அதுகூட அவர் காதில் விழவில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"மணி ரெண்டு பத்து."

"ஆட்டோவைக் கூப்பிடு."

*

பிளக் அக்காவின் கடை அகலத்தில் குறைவு, நீளத்தில் ரயில் பெட்டி. இரண்டு பக்கமும் கூரை வரை சிவப்புப் பெட்டிகள். ஒரு நீலப் பெட்டி கிடையாது. மருந்துக்குக்கூடக் கிடையாது.

நாங்கள் நுழைந்தபோது ஒரு டெலிவரி பைக்காரருக்குப் பிளக் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து, பிரஷ்ஷால் பிளக்கின் கழுத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அரக்கு நிறம்.

"எதுக்குக்கா பொட்டு?" என்றார் பைக்காரர்.

"எங்கேயோ வாங்கின டூப்ளிகேட்டைக் கொண்டு வந்து, உங்க கடைப் பொருள் சரியில்லன்னு நிக்கறாங்களே. நம்ம பிள்ளைன்னு அடையாளம் தெரியணும்ல."

அவர் போனார். கடைக்குள் நாங்கள் மூன்று பேர். மேடம் நகப்பூச்சு பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"எஞ்சின்லேர்ந்து எடுத்த நாலு பிளக்கும் உங்க பிள்ளைங்கதான். தம்பி என்னிக்கு வந்தான் கடைக்கு?"

பிளக் அக்காவின் முகம் செத்துவிட்டது. மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. கல்லாவின் அடித்தட்டை இழுத்து, ஒரு சின்ன அட்டைத் துண்டை எடுத்து மேஜை மேல் அறைந்தாள்.

"இந்தாங்க! நீங்க தேடின சீட்டு. பந்தயத்துக்கு மொத நாள் கொண்டு வந்தான். என்ன எழுதியிருக்கு பாருங்க. எட்டு! டர்போவுக்கு எட்டாம்! ஒன்பது வருஷமா பிளக் விக்கறேன். எண் ஏற ஏறச் சூடுன்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு ரெண்டோ மூணோதான்டா போடணும், எட்டு போட்டா எரிஞ்சுடும்டான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அத்தான் எழுதினா சரியாத்தான் இருக்கும்கானு சிரிக்கறான். உன் கடைப் பிளக்கைப் போட்டு அத்தான் எஞ்சின் ஜெயிக்கட்டும், அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசாம இருக்கீங்கன்னு பார்க்கறேங்கறான். என் பேச்சை விட அவன் எழுத்து பெருசாப் போச்சு. எடுத்துக் கொடுத்தேன். என் கையாலயே எடுத்துக் கொடுத்தேன்."

"மாஸ்டருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"அவனுக்கா? நானா?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "இந்தச் சீட்டைக் காட்டினா, தெரிஞ்சும் நீ ஏம்மா வித்தேன்னு என்னையும் சேர்த்து நிறுத்துவாங்க. பாதிப் பழி என்கிட்ட வந்துட்டா அவனுக்குப் பாதிதான் மிஞ்சும். பாதியெல்லாம் எனக்குப் பத்தாது. முழுசும் அவன் தலையில விழணும். எழுதினது அவன்தானே?"

மேடம் நீலப் பெட்டியை எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததுமே அவள் உதடு கோணியது. "அந்தச் சனியன் என் கடை வாசப்படி ஏறக்கூடாது. வெளியே எடுங்க."

"எடுத்துடறேன். உள்ளே ஒரு தாள் இருக்கு. மூணாவது வரியை மட்டும் படிங்க."

அவள் படிக்க மாட்டேன் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள். மேடம் காத்திருந்தார். எங்கள் தொழிலில் பாதி நேரம் இதுதான். கடைசியில் தாளைப் பிடுங்கினாள். வாய்க்குள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"எண் உயர உயரக் குளிர்ச்சி... இல்ல. இது தப்பு. எண் ஏறினா சூடு."

"உங்க கம்பெனியில அப்படி. இந்தக் கம்பெனியில தலைகீழ். இவங்க எட்டு நல்லாக் குளிர்ந்த ரகம். டர்போவுக்குச் சரியா அதைத்தான் போடணும். மாஸ்டர் சரியாத்தான் எழுதினார். வாழ்க்கையில வேற பிளக்கைத் தொடாத ஆள், கம்பெனி பேரை எழுதணும்னு அவருக்குத் தோணவே இல்ல. நீங்க அந்தப் பெட்டியைப் பார்க்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினவங்க. உங்க எட்டை எடுத்துக் கொடுத்தீங்க. சொன்னது சரி, கொடுத்ததும் கேட்ட எண்தான். நடுவுல பையன் போயிட்டான்."

அவள் மேல் காலையிலிருந்து எரிச்சலாக இருந்தேன். அந்த நிமிஷம் அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அழுதிருந்தால் தேவலை. அவள் சுற்றிலும் அடுக்கியிருந்த சிவப்புப் பெட்டிகளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றேன் மெதுவாக. "மணி மூணு."

"அந்த ஒரு வரியை நான் எழுத முடியாது," என்றார் மேடம் அவளிடம். "சீட்டு கிடைச்சிடுச்சு. அதைக் கமிட்டியில நான் கொடுக்கணுமா, நீங்க கொடுக்கறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

பிளக் அக்கா போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாக அழுத்தினாள். ஆறு வருஷமாக அழுத்தாத எண்ணை விரல் மறக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"ஹலோ," என்றார் மாஸ்டர்.

"நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ எழுதின எட்டு, எந்தக் கம்பெனி எட்டு?"

"எந்தக் கம்பெனின்னா? நான் எப்பவும் போடறதுதான். ஏன் கேக்கறே?" பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, "அவன் எங்கே வாங்கினான்?" என்றார்.

"என் கடையில."

போனிலிருந்து வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. எவன் மாற்றினான் என்று தேடி, உடம்பில் சூடு வைக்கக் காத்திருந்த மனிதர். நாற்காலியோ மேஜையோ ஏதோ ஒன்று விழுந்தது.

அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள். "நாலு மணிக்குக் கமிட்டிக்கு வா. சீட்டு என்கிட்டதான் இருக்கு. கொண்டு வந்து காட்டறேன். வித்தது நான்னும் சொல்லிடறேன். உன்னை விட்டுடுவாங்க."

"நீ..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"பேசாதே. கேளு. உன்னை நான் மன்னிக்கல. ஒரு பேரு, ஒரே ஒரு பேரு, நீ எழுதல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்." அவள் குரல் முதல் தடவையாக நடுங்கியது. "நீயும் என்னை மன்னிச்சுடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்னைத் திட்டறதுக்கு இனிமே உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்கு முன்னால் போனை அணைத்துவிட்டாள். சீட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். ஷட்டரை இழுக்கப் போனவளுக்குக் கை எட்டவில்லை, அல்லது பலம் இல்லை. ஒரு பக்கம் மேடம் பிடித்தார், இன்னொரு பக்கம் நான் பிடித்தேன், மூன்று பேருமாகச் சேர்ந்து கடையை மூடினோம்.